இங்கே ஆள் இருக்கு

ஏலத்தில் இருநூற்று இருபத்தைந்து டாலர்.
எதிர்த்துக் கேட்க ஒருவரும் இல்லை.
ஓரின் ஸ்காலண்டின் தோட்டத்து டிராக்டர்
மார்ச்சில் சாலையைக் கடந்து என் கொட்டகைக்கு வந்தது.
ரொட்டிப் பையின் வாய் கட்டும் கம்பியில் சாவி.
கையேடு பதினான்காம் பக்கத்தோடு சரி.

இன்று ஞாயிறு.
வடக்கு டகோடாவில் ஏப்ரல் என்றால்
பள்ளத்தில் பனி, மேட்டில் சேறு,
நடுவே வெட்கமில்லாமல் புல்.

முதலில் கொட்டகைக் கதவுகள்.
இரண்டையும் விரியத் திறந்து கல்லால் முட்டுக்கொடுத்தேன்.
புகையில் மணக்காத ஒரு பாதி உண்டு,
சாத்திய இடத்தில்தான் அது வேலையைக் காட்டும்.
பிறகு ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கினேன்.
பிளேடு இருக்கும் பக்கம் கை போகுமுன்
இயந்திரத்துக்கு வாய்ப்பூட்டு.

விசிறி உறைக்குள் காலியான எலிக்கூடு:
பஞ்சு, சோளத் தோல்,
கையேட்டின் பதினைந்தாம் பக்கம்.

எண்ணெய்க் குச்சியை உருவி, துடைத்து,
மறுபடி விட்டு உருவினேன்.
கோட்டுக்கு ஒரு நூல் கீழே; ஊற்றினேன்.
பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது, வடித்தேன்.
இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே புதுசு,
வாய்வரை அல்ல.
பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை
சோடா மாவால் தேய்த்தேன்,
கறுப்பு ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டி.

இருக்கையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன்.
அடியில் ஒரு பொத்தான் இருக்கும்.
ஆள் உட்கார்ந்தால் அழுந்தும்.
எழுந்தாலோ விழுந்தாலோ விட்டுவிடும்,
பிளேடு காலைத் தேடி வருமுன் இயந்திரம் நின்றுபோகும்.
அதன் இரண்டு ஒயரையும் பிடுங்கி
துண்டுக் கம்பியால் ஒன்றாக முறுக்கியிருந்தது.
சுற்றிய டேப் இன்னும் பளபளப்பாக.

"அசட்டு மனுஷா," என்றேன் வாய்விட்டு.
எழுபத்தெட்டு வயதில் அப்படி என்ன அவசரம்?

தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறவள் நான்.
அக்டோபரில் ஓரின் வந்தார்,
பறவைகளுக்குச் சூரியகாந்தி விதை வாங்க.
குறுக்கு வழியாக லாரித் தராசின்மேல் நடந்தார்.
இருபது இருபதாக மட்டுமே எண்ணத் தெரிந்த தராசு
நூறு பவுண்ட் என்றது.
"கோட்டும் பூட்ஸும் சேர்த்தா?"
"விதையும் சேர்த்து," என்றார், சிரித்தார்.

நூறு பவுண்டை
இந்த இருக்கை ஆள் என்று நம்பியிருக்காது.
ஒவ்வொரு மேட்டுக்கும் நின்றிருக்கும்.
இறங்கி, ஏறி, சாவி திருப்பி,
மறுபடி நின்றிருக்கும்.
கடைசியில் யாரையும் கூப்பிடாமல்
ஒரு ஜாண் கம்பி எடுத்திருக்கிறார்.

இங்கே ஆள் இருக்கு, ஆள் இருக்கு என்று
அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது,
அவர் போன பிறகும்,
பனிக்காலம் முழுக்க, தார்ப்பாய்க்குள்ளே.

கம்பியை வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.
ஒயர்களைப் பொத்தானில் பழையபடி மாட்டினேன்.
நான் நூற்றெண்பது. எனக்குச் சலுகை வேண்டாம்.

ஏறி உட்கார்ந்தேன்.
பிரேக்கை மிதித்து, கியரை நடுவில் விட்டு,
பிளேடு நெம்புகோல் விலகியிருக்கிறதா என்று இருமுறை பார்த்து,
சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினேன்.
சுற்றியது, சுற்றியது, பற்றவில்லை.
யோசித்து, இறங்கி,
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு
ஸ்பார்க் பிளக்கின் தொப்பியை மாட்டினேன்.

இரண்டாம் முறை இருமியது.
மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது.
சோக்கை மெல்ல உள்ளே விட்டேன், குரல் சீரானது.
அப்படியே வாசலுக்கு வெளியே ஓட்டி வந்தேன்.

எதிர் வீட்டுப் படியில் ஆர்டிஸ் ஸ்காலண்ட்,
கையில் பாத்திரம் துடைக்கும் துணி.
சத்தம் அவளை அடுப்படியிலிருந்து இழுத்து வந்திருக்கிறது.
நான் கையசைக்கவில்லை.
அவள் என்னைப் பார்க்கவும் இல்லை, வண்டியைப் பார்த்தாள்.

பொத்தானைச் சோதித்தாக வேண்டும்.
ஆளில்லாத புல்லின்மேல் பிளேடைச் சுழலவிட்டு
இருக்கையிலிருந்து ஒரு சாண் எழுந்தேன்.

நின்றது.

சரியாக வேலை செய்கிறது.
சாலைக்கு அப்பால்
துணி துடைப்பதை நிறுத்தியிருந்தது.
நெம்புகோலை விலக்கினேன்,
அவசரமாக உட்கார்ந்தேன்,
சாவியைத் தேடினேன்.